சாயம் போன திரை

அந்தத் திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பயம் கொஞ்சம் பிந்தி வந்தது. ஆத்தூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம் திரையில் திறந்திருந்தது. பெண் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். சனிக்கிழமை வேலையை நிறுத்திவிட்டு எழுந்தபோது அது அரக்காகத்தான் இருந்தது. இப்போது என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு மங்கிய பழுப்பில் இருந்தது. மேடையில் கட்டியிருந்த செவ்வந்திப் பூ, மாப்பிள்ளை நெற்றிக் குங்குமம், வாசலில் வாழைமரம், எல்லாவற்றின் மேலும் யாரோ டீத்தண்ணியை ஊற்றித் துடைத்த மாதிரி இருந்தது.

கண்ணைத் துடைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு திரையைத் துடைத்தேன். அந்த வரிசையில்தான் துடைத்தேன் என்பதைப் பிறகு நினைத்துப் பார்த்தேன். என் கை முதலில் கண்ணுக்குத்தான் போயிருக்கிறது.

நான் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறவள். தூத்துக்குடி டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் படங்களை அனுப்புவார். நான் நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கித் திருப்பி அனுப்புவேன். அவர் அச்சுக்குக் கொடுப்பார். கல்யாணச் சேலையின் நிறம் ஒரு இழை மாறினாலும் பெண் வீட்டார் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே இந்த வேலைக்குக் கை எவ்வளவு முக்கியமோ, அதைவிடக் கண் முக்கியம். அந்த ஆல்பம் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. என் அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவுக்குக் கண் போன கதை ஒரு சேலையில் தொடங்கியது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு எடுத்தாள். ஒரு தடவை கட்டி, அலசிக் காயப்போட்டவள், மறுநாள் அதை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏளா, இதப் பாரு. ஒரு தண்ணிலயே சாயம் போயிட்டு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

எனக்குச் சேலையில் ஒன்றும் தெரியவில்லை. பளபளவென்று கத்திரிப்பூவாகத்தான் இருந்தது. சொன்னால் கேட்கமாட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, சாயம் அப்படியேதான இருக்கு" என்றார். அவரை அம்மா ஏசிய ஏச்சில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு அந்தச் சேலையை அவள் கட்டவில்லை. கொஞ்ச நாளில் வீட்டு பல்புகள் மங்கல் என்று கரண்டு ஆபீஸை ஏசினாள். பிறகு குங்குமத்தில் கலப்படம் என்றாள். உலகத்தில் எல்லாவற்றின் மேலும் குற்றம் சொன்னாள், கண்ணைத் தவிர. நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க" என்று மட்டும்தான் டாக்டர் கேட்டார். கடைசி வருஷங்களில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தாள். அவள் கை பட்ட உயரத்தில் சுவர் நெடுக ஒரு அழுக்குக் கோடு விழுந்திருந்தது. அவள் போன பிறகும் வெகுநாள் அந்தக் கோட்டுக்கு வெள்ளையடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே எங்கேயாவது ஒரு நிறம் மங்கினால் போதும், எனக்கு அந்தச் சேலை ஞாபகத்துக்கு வந்துவிடும். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் ஒவ்வொரு முறையும், "கண்ணையும் ஒரு தடவ காட்டிருங்கம்மா" என்பார். "சரி டாக்டர்" என்று சொல்லி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கண்ணில் சொட்டு மருந்தை விட்டு, விளக்கடித்துப் பார்த்து, அவர்கள் எதையாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? சொல்லாத வரைக்கும் அது இல்லை. இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும். பயத்துக்குப் புத்தி சொல்ல யாரால் முடியும்?

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு என்றால் நான் அசரமாட்டேன். அதோடு மல்லுக்கட்டிப் பழகியவள். திரையில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸைத் திறந்தேன். கல்யாணப் படங்களெல்லாம் கனமானவை என்பதால் போன வருஷம்தான் தனியாக ஒரு கார்டு வாங்கிப் போட்டிருந்தோம். அந்த செட்டிங்ஸில் இடது பக்கம் வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். திரைக்கென்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே நிறம், வெளிச்சம் இதையெல்லாம் கூட்டவும் குறைக்கவும் ஒரு இடம். கார்டு போட்ட அன்று அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தலைப்பே இல்லை. கேம் விளையாடுகிறவர்களுக்கான சங்கதிகள் மட்டும் இருந்தன. மேலே போனேன், கீழே வந்தேன். மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. கோளாறு கம்ப்யூட்டரில்தான், என் கண்ணில் இல்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தலைப்பு நிஜமாகவே இல்லையா, அல்லது இருந்தும் எனக்குத் தெரியவில்லையா? திரையில் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. நிறத்துக்கான இடம் மட்டும் இல்லை.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல கலர் செட்டிங்கக் காணோம். படமெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

"அத எதுக்குத் தொறந்த?" என்றார்.

"வேற எதத் தொறக்க?"

"ஒண்ணையும் தொடாதளா. அப்படியே ஆஃப் பண்ணிப் போடு. மத்தியானம் நான் வந்து பாக்கேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். டீசல் எஞ்சினைப் பற்றி அவரிடம் கேட்கலாம். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அதைத் துடைப்பது மட்டும். எங்கள் வீடு மாப்பிள்ளையூரணியில். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும், ஃபேன் ரெக்கையைத் தின்னும். எங்களுடைய முதல் கம்ப்யூட்டர் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்துத்தான் செத்தது. படகில் பேட்டரி முனைக்கு கிரீஸ் தடவாமல் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அதே வழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது, இவருக்கும் ஓய்வு. அன்றைக்குக் காலையில் பைக் பேட்டரி, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் என்று ஆரம்பித்துக் கடைசியில் கம்ப்யூட்டருக்கு வருவார். பின்னால் இருக்கிற வயர்களை ஒவ்வொன்றாக உருவி, துணியால் துடைத்து, முனையைச் சுற்றியிருக்கும் இரும்பில் வாஸ்லினை மெல்லிசாகப் பூசி, திருப்பிச் செருகுவார். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டு டிவிக்கும் இதே வைத்தியம்தான்.

அப்படிப்பட்டவர் வந்து செட்டிங்ஸில் என்னத்தைப் பார்க்கப் போகிறார்? மத்தியானம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். செட்டிங்ஸ் காணவில்லை என்றால் கார்டை ஓட்டுகிற டிரைவர் என்ற சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று ஒரு பையன் வேகவேகமாகச் சொன்னான். அவன் காட்டிய இடத்துக்குப் போனேன். அவன் திரையில் ஒரே ஒரு கார்டின் பெயர் இருந்தது. என் திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. எது எது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். நான் மேலே இருந்ததை அழித்தேன்.

எல்லாம் கறுத்துப் போயிற்று.

அந்தக் கணத்தில் நான் நினைத்தது டிரைவரையோ திரையையோ அல்ல. வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மெல்லத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். நாள்காட்டி தெரிந்தது. தேதி தெரிந்தது. அதற்குக் கீழே முருகர் தெரிந்தார், மயில் தெரிந்தது. மயிலைப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன். திரும்பியபோது திரையும் வந்திருந்தது. எழுத்துகளெல்லாம் பெரிது பெரிதாக, அசிங்கமாக வந்திருந்தன. மறுபடி அணைத்துப் போட்டதும் அந்த மேல் பெயர் தானாகவே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நிறத்துக்கான இடம் மட்டும் வரவில்லை. படம் பழையபடி வெளுத்துத்தான் கிடந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு எதிலே இருட்டு, கண்ணிலா திரையிலா என்பதே தெரியவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மறு கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆளில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. அதே கல்யாணப் படம் போனிலும் இருந்தது, ஸ்டுடியோ அண்ணாச்சி அனுப்பியது. போனில் அரக்கு அரக்காக இருந்தால் கோளாறு திரையில்தான். எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டும் ஒன்றாக இருந்தன. அதே பழுப்பு, அதே மங்கல்.

போனைக் கீழே வைத்துவிட்டேன். போன் பழசு, அதன் திரை எப்போதுமே மங்கல்தான் என்று எனக்கு நானே சொன்னேன். அது உண்மைதான், ரொம்ப நாளாகவே அது எனக்கு மங்கலாகத்தான் இருந்தது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

அப்போது அந்தப் போனே அடித்தது. ஸ்டுடியோ அண்ணாச்சி.

"என்ன தங்கச்சி, சாயங்காலம் அனுப்பிருவீங்கள்லா?"

"கலர்ல ஒரு பிரச்சினை அண்ணாச்சி. எல்லாம் மங்கலாத் தெரியுது."

"மறுபடியுமா? மாப்பிள்ள ஏத்தி வச்சுட்டேன்னு சொன்னாரே."

"எங்க வீட்டுக்காரரா? எத ஏத்தி வச்சாரு?"

அவர் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. இங்கன கடைல ஆளு வந்திருக்கு. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார்.

கடையில் ஆள் வந்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். ஒருவர் தொடாதே என்கிறார், ஒருவர் போனை வைக்கிறார். என் புத்தி எங்கெங்கோ ஓடியது. சர்க்கரை டாக்டர் என்னிடம் சொல்லாததை இவரிடம் சொல்லியிருப்பாரோ? போன தடவை என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவர் மட்டும் உள்ளே போனாரே, பில்லுக்கா, வேறு எதற்காவதா? அடுப்பில் சோறு கொதித்து வழிந்து அடுப்பே அணைந்திருந்தது. கேஸ் வாடை வந்த பிறகுதான் எழுந்துபோய் மூடினேன்.

திரும்பி வந்து கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு நின்றேன். இவர் இதில் தொடுகிற இடம் பின்பக்கம் ஒன்றுதான். அப்படியானால் கோளாறு பின்னால்தான் இருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் குனிந்து, பெட்டியை வெளியே இழுத்தேன். வாஸ்லின் வாடை அடித்தது. நேற்று பூசியது, விரலில் வழவழவென்று ஒட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மானிட்டர் வயர் மேலே இருந்த துளையில் செருகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக, அதே மாதிரி இன்னொரு துளை காலியாக இருந்தது.

இரண்டு பெயர்கள் ஞாபகத்துக்கு வந்தன. மேல் துளை கம்ப்யூட்டரோடு பிறந்தது. கீழ்த் துளைதான் நாங்கள் வாங்கிப் போட்ட கார்டினுடையது. கார்டு ஒரு பக்கம் சும்மா இருக்கிறது, திரை வேறு பக்கம் மாட்டியிருக்கிறது. திரையே மாட்டாத கார்டு எந்தத் திரையின் நிறத்தை எனக்குக் காட்டும்? அதனால்தான் அந்த இடமே இல்லாமல் போயிருக்கிறது. படகு எஞ்சினில் எந்தக் குழாய் எங்கே என்று பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பார்கள். இவரும் கீழ்த் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். வாராவாரம் துடைத்துத் துடைத்து அந்தப் புள்ளி போய்விட்டது. நேற்று இருட்டு மூலையில் கையால் தடவிப் பார்த்து, கிடைத்த துளையில் செருகியிருக்கிறார்.

வயரை உருவிக் கீழ்த் துளையில் செருகினேன். பெட்டியைத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். படம் வருகிற வரைக்கும் திரையைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் அரக்குப் பட்டில் நின்றுகொண்டிருந்தாள். செவ்வந்தி மஞ்சளாக இருந்தது. வாழை இலை பச்சையாக இருந்தது.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்று சத்தமாகச் சொன்னேன். வீட்டில் யாருமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீருக்குள்ளும் அரக்கு அரக்காகவே இருந்தது. வெறும் வயருக்காக எவ்வளவு நேரம் செத்துப் பிழைத்திருக்கிறேன் என்று சிரிப்பு வந்தது. வயர் மாட்டத் தெரியாத மனுஷன் வரட்டும், இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டேன். டீ போட்டேன். அதில் ஒரு கரண்டி சீனி போட்டேன். எனக்கு ஒன்றுமில்லை அல்லவா, ஒரு நாள் குடித்தால் என்ன.

டீயோடு வந்து உட்கார்ந்து, காணாமல் போன இடம் திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க செட்டிங்ஸைத் திறந்தேன். வேறு எதற்கும் இல்லை, ஒரு திருப்திக்காக. இருந்தது. திரைக்கான தலைப்பு, அதற்குக் கீழே நிறம். அதைத் தொட்டேன். வெளிச்சத்துக்கு ஒரு கோடு, நிறத்தின் அழுத்தத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் நகர்த்துவதற்குச் சின்னக் குமிழ். கார்டு போட்ட அன்று இதைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் போனில் கேட்டிருந்தேன். "ரெண்டும் நடுவுல இருக்கட்டும் தங்கச்சி, தொட்டுராதீங்க" என்று அவர் சொன்னார். நான் தொட்டதே இல்லை.

வெளிச்சக் குமிழ் நடுவில் இருந்தது. நிறத்தின் குமிழ் கோட்டின் கடைசி முனையில், அதற்கு மேல் இடமில்லாமல் இருந்தது.

வயரை மாற்றிச் செருகினால் இது தானாக நகருமா? நகராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மவுஸைப் பிடித்துக் குமிழை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவர வர, அரக்கு வடிந்தது. செவ்வந்தி வடிந்தது. குமிழ் நடுவுக்கு வந்து நின்றபோது, காலையில் பார்த்த அதே படம் என் முன்னால் இருந்தது. அதே டீத்தண்ணி.

போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றுதான், போனில் கோளாறு இல்லை. காலையில் திரையில் கோளாறே இல்லை. காலையில் நான் பார்த்ததுதான் என் கண்ணின் நிஜம், இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ ஏற்றி வைத்த நிறம். டீயைத் தொடவே இல்லை.

அவர் வந்தபோது நான் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். கையில் கிரீஸ், சட்டையில் டீசல். வாசலிலிருந்தே திரையைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். பைக் சாவியை வழக்கமான ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

"கார்டு போட்டுக் கொஞ்ச நாள்லயே" என்றார். "நீ ரேசன் கடைக்குப் போயிருந்த. அண்ணாச்சி போன் பண்ணாரு. தங்கச்சி கலரு ரொம்ப ஏத்திருதாங்க, பொண்ணு மூஞ்சி தக்காளி மாதிரி வருது, கண்ணக் காட்டுனாங்களான்னாரு. நான் என்ன சொல்ல? அவருதான் சொன்னாரு, திரைல ஏத்தி வச்சா தங்கச்சி படத்துல ஏத்தமாட்டாங்கன்னு. எங்கன அமுக்கணும்னு அவருதான் சொல்லித் தந்தாரு. கொஞ்சம் ஏத்துனேன். அடுத்த ஆல்பம் நல்லா வந்துட்டுன்னாரு."

"பொறவு?"

"பொறவு நீ மறுபடியும் மங்கலா இருக்குன்னு சொல்லுவ. நீ குளிக்கப் போகும்போது இன்னுங்கொஞ்சம் ஏத்துவேன்."

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபத்துக்குக் கண்மண் தெரியாது.

"எஞ்சின் சூடாகுதுன்னு செவப்பு லைட்டு எரிஞ்சா, பல்பக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேன்."

"எனக்கு மட்டும் ஏன் பல்பக் கழட்டுனீங்க?"

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாஸ்பத்திரின்னு வாயத் தொறந்தாலே நீ ஒங்கம்மா கதையச் சொல்லி அழுவ. அதுக்கு மேல எனக்குப் பேச வராது. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்துட்டேன். போன மாசம் ஏத்தும்போது முட்டிட்டு. இதுக்கு மேல போகல. அன்னைலருந்து எனக்குச் சரியா உறக்கம் கெடையாது."

முட்டிவிட்டது என்று அவர் சொன்னபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் என் பயத்தை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததாக நினைத்திருந்தேன். அவர் அதை என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரு கோட்டின் மேல் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதற்கு மேல் ஏச வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார். "காலைல நீ போன் பண்ணதும் கை ஓடல. நீயே பாத்துருவியேன்னுதான் தொடாதன்னேன்."

ஆல்பம் பாக்கி இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமோ, அந்தப் பெண்ணின் சேலை அரக்காகப் போய்ச் சேர வேண்டும். குமிழை இந்தத் தடவை நானே பிடித்துக் கடைசி முனைக்குத் தள்ளினேன். என் கையால் தள்ளியபோது உடம்பு கூசியது. அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் போனில் போட்டு அவரிடம் காட்டினேன். எஞ்சினையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் நிறத்துக்கு எங்கே போவார்? "கிரீஸ் டப்பா மூடி மாதிரி இருக்கு", "ஃபைபர் படகுக்கு அடிக்கிற நீலம்" என்று அவருக்குத் தெரிந்த நிறங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டோம். அண்ணாச்சி நன்றாக இருக்கிறது என்று மட்டும் பதில் அனுப்பினார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

கண்ணாஸ்பத்திரிக்கு அவர்தான் போன் செய்தார். மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். வண்டி ஓட்ட ஆள் கூட வரணும், சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பார்வை மங்கும் என்றார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் மேஜையைத் துடைத்து, கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினேன்.

பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், பிளாஸ்டிக் பைக்குள், அம்மாவின் அந்தச் சேலை இருந்தது. அவள் போனபோது அவள் உடுப்பில் நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். வெகுவருஷமாக வெளியே எடுக்கவில்லை. பையைப் பிரித்து மடியில் விரித்தேன். சாம்பல் பூத்துக் கிடந்தது. கத்திரிப்பூ என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இந்த உப்புக்காற்றில் எந்தச் சாயம்தான் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நிலைப்படியில் வந்து நின்றார்.

"இது என்ன கலரா இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அந்தக் கடைக்காரர் செய்த மாதிரியே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். எனக்காக ஒரு பொய்யை யோசிக்க அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. நானும் அதற்காகத்தான் காத்திருந்தேனோ என்னவோ.

"கத்திரிப்பூ கலரு" என்றார். "கடைலருந்து இப்பத்தான் எடுத்துட்டு வந்தாப்ல அப்படியே இருக்குளா."